பத்தொன்பதாம் படி

மூன்றாவது நாளும் தண்ணீர் பத்தொன்பதாம் படிக்குக் கீழே இறங்கவில்லை.

மாசாணம் கிணற்று மேட்டில் குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் வலது மூலை உடைந்திருக்கும். அதனால் அடையாளம் தவறாது. காலை ஆறு மணிக்குத் தோட்டத்து லைனில் மூன்று ஃபேஸ் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டிருந்தான். பதினோராம் படியில் நின்ற தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிப் பதினொரு மணிக்கு அந்த உடைந்த மூலைக்கு வந்தது. கரண்டு போயிற்று. இனி மூன்று மணிக்குத்தான் வரும். அதற்குள் தண்ணீர் மறுபடியும் ஏறிவிடும்.

கிணற்றில் ஆள் செத்தால் தண்ணீர் முழுவதையும் இறைத்து அடிப்பாறையைப் பார்த்தாக வேண்டும். செத்தவர் பெற்ற பிள்ளை கீழே இறங்கிப் பாறைமேல் ஒரு விளக்கு வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஊறுவதுதான் புதுத் தண்ணீர். அதுவரை அந்தக் கிணற்றில் ஆடுமாட்டுக்குக்கூடத் தண்ணீர் காட்ட மாட்டார்கள். இறைத்த தண்ணீரைப் பயிருக்கும் விட மாட்டார்கள். பள்ளக்காட்டுப்புதூரில் இது எல்லாச் சாதிக்கும் பொது. பதினாறாம் நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் பொது.

செத்தது மாசாணத்தின் மனைவி செவ்வந்தி. விளக்கு வைக்க வேண்டியவள் மகள் சண்முகப்ரியா. வயது பதினொன்று.

செவ்வந்தி செத்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். மாசி மாதத்து வெயிலில் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்தவள் கை கால் கழுவ இறங்கினாள். பதினான்காம் படியில் பாசி. வழுக்கி விழுந்தவள் சத்தம் போட்டாளா என்றுகூட யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேடினார்கள். மாசாணமே குதித்து, மூன்றாவது முழுக்கில் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த முடியின் வழுவழுப்பு அவன் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. சோறு பிசையும்போது இருந்தது. பீடி பற்ற வைக்கும்போதும் இருந்தது.

"அப்பா."

ப்ரியா வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஒன்பது நாளாக எண்ணெய் படாத தலை.

"இங்க வராதேன்னு சொன்னேனில்ல கண்ணு. பெரீம்மா ஊட்டுல இரு."

"கேளுப்பா. சத்தம் கேக்குதா?"

மோட்டார் இரைச்சல் அடங்கிய கிணற்றுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது. கல்லை ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி. உடைந்த மூலை தண்ணீருக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பதினெட்டாம் படியின் விளிம்பு நனைந்து கறுத்தது.

"பதினெட்டு," என்றாள் ப்ரியா. "அம்மா படி ஏறி வாராப்பா."

மாசாணத்துக்கு முதுகில் வேர்வை குளிர்ந்தது. உச்சி வெயில். சுற்றிலும் வெட்டிப் போட்ட மஞ்சள் தழையின் வாசம். கிணற்றுக்குள் மட்டும் இருட்டாக ஏதோ ஒன்று ஒவ்வொரு படியாகக் கால் வைத்து வந்துகொண்டிருந்தது.

"தண்ணி கண்ணு அது. ஊத்துத் தண்ணி."

"நேத்தும் பதினோராம் படி வரைக்கும் வந்துபோட்டுத் திரும்பிப் போயிட்டா. மோட்டாரப் போட்டு நீங்கதான் தொரத்தறீங்க."

அவன் அவள் கையைப் பிடித்துக் காலனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கை சில்லென்று இருந்தது.

மாசாணத்தின் நங்கையா, அண்ணன் மனைவி பாப்பாயி, முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"எறங்குச்சா?"

"இல்ல நங்கையா."

"எறங்காது. அவ உட மாட்டா. அரை வயித்துக் கஞ்சியோட வேலைக்குப் போனவ, ஆசை தீராமச் செத்தவ. புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் தண்ணியப் புடிச்சு வெச்சிருக்கறா."

"கம்முனு இரு நங்கையா. ஏழு எச்பி மோட்டாருக்கு அம்புட்டுத்தான் தெம்பு."

"ஆமா, உங்க மோட்டாருக்குத் தெம்பு இல்ல. செத்தவளுக்கு இருக்குது." பாப்பாயி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "புள்ள நேத்திருந்து சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குது கொழுந்தனாரே. போசியில மோந்து குடுத்தா உள்ள உத்துப் பாக்குது. அவிநாசிப் பக்கம் ஒரு பூசாரி இருக்கறாரு. வேப்பங்கொழையில நாலு போடு போட்டா எறங்கிரும்ங்கறாங்க. இல்லாட்டிப் பதினாறுக்குள்ள பாறையைக் காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு."

சூனியம், பேய் எதையும் மாசாணம் நம்புகிறவன் இல்லை. பதினைந்து வயதிலிருந்து கிணறு வெட்டுகிறவன். வெடி வைத்த குழிக்குள் புகை அடங்குவதற்கு முன்னே இறங்கியவன். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கல், மண், அப்புறம் தண்ணீர். இந்தக் கிணற்றுத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவன் ஒருவன். இன்னொருவர் தோட்டக்காரர் சீனிவாசலு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்று நான்கு சித்திரையில், இதே கிணறு காய்ந்து கிடந்தது. சீனிவாசலு தோட்டத்து மூலையில் எழுநூறு அடிக்கு போர் போட்டுப் பார்த்தார். வெறும் கல்மாவுதான் புகையாக வந்தது. வாழை இலை பழுத்துத் தொங்கியது. அப்போதுதான் சைடு போர் மிஷினோடு சேலத்துப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மிஷினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, முப்பத்து நான்காம் படிக்கு நேராகச் சுவரில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பக்கவாட்டில் பாறையைத் துளைத்துக்கொண்டு போகும் மிஷின். நான்கடி ராடு ஒவ்வொன்றாகக் கோர்த்துத் தள்ள வேண்டும். மூன்றாவது ஆளாக மாசாணம் நின்றான்.

கிணற்றுக்கு மேற்கே நூற்றிருபது அடியில் குளத்துக்கரை. கரைக்கு அந்தப் பக்கம் குளம். நொய்யல் வாய்க்காலில் வெள்ளம் வந்தால் நிரம்பும் குளம் அது. ஊருக்குப் பொது. அதன் கீழே முப்பது கிணறும் காலனியின் அடிபம்பும் அதை நம்பித்தான் ஊறின.

"எந்தப் பக்கங்க வெக்கட்டும்?" என்று மிஷின்காரன் கேட்டதற்கு, சீனிவாசலு வாயைத் திறக்காமல் மேற்கே கையைக் காட்டினார்.

முப்பதாவது ராடில் கரைக்கு நேர் கீழே இருந்தார்கள். நாற்பத்திரண்டாவது ராடில் மிஷின் திடீரென்று இலகுவாகச் சுற்றியது. ராடை உருவியபோது கறுப்புச் சேறு கக்கியது. நத்தை ஓடு வந்தது. அழுகிய ஆம்பல் வேர் வந்தது. அப்புறம் தண்ணீர், மணிக்கட்டு கனத்தில், எதிர்ச்சுவரில் போய் அடித்தது. கீழே நின்ற மூன்று பேரும் நனைந்துகொண்டே சிரித்தார்கள். மாசாணமும் சிரித்தான். தண்ணீர் கண்டால் கிணறு வெட்டுகிறவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். யாருடைய தண்ணீர் என்று அந்த நேரத்தில் தோன்றாது.

மறுநாள் சீனிவாசலு அவனைத் தோட்டத்துக் கன்னிமார் கல்லுக்கு முன்னால் நிற்க வைத்தார். ஒன்பது வயது ப்ரியா அம்மாவுக்குக் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

"புள்ள தலைமேல கைய வையி மாசாணம். இந்த ஓட்டையைப் பத்தி என் வாயில வராது, வந்தா இவளுக்கு ஆகாதுன்னு சொல்லு."

சேலத்துக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. மாசாணம் செய்தான். உள்ளங்கைக்கு அடியில் பிள்ளையின் உச்சந்தலை சூடாக இருந்தது. ப்ரியாவுக்கு விளையாட்டாக இருந்தது. கற்பூரம் அணையும் வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றாள்.

அதிலிருந்து கிணறு வற்றவில்லை. நாற்பதாம் படியில் கிடந்த தண்ணீர் பதினோராம் படிக்கு வந்தது. காலையில் இறங்கி மதியம் ஏறி, தினமும் நனைந்து காய்ந்த படிகளில் பாசி பிடித்தது.

நான்காவது நாள் சூலூரிலிருந்து மோட்டார் மெக்கானிக் ரசாக் வந்தான். கேபிளைப் பிடித்துப் பார்த்தான், ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தான்.

"மோட்டாரு ராசாவாட்ட ஓடுதுங்கண்ணா. இதுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்கு இவ்வளவு ஒடம்பு தெம்பு இருந்தா ரெண்டாங் கலியாணம் பண்ணிக்குவேன்."

மாசாணம் சிரிக்கவில்லை. ரசாக் நாக்கைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் போகும் குழாயைப் பார்த்தான். தீட்டுத் தண்ணீரை யாரும் தங்கள் காட்டில் விடச் சம்மதிக்கவில்லை. சீனிவாசலுவே தன் மஞ்சள் காட்டில் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரிய நீருக்குத் தீட்டில்லை என்று மோட்டார் மேட்டிலிருந்து குழாய் போட்டுக் கரையைத் தாண்டிக் குளத்தில் விட்டிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இதைக் கொளத்துலயா உடறீங்க?"

"வேற எங்க உடறது?"

"நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. கொளத்துல ஊத்துறீங்க. கொளத்துக்குப் பக்கத்துலயே கெணறு. ஊத்துனது மறுபடி இங்கதானுங்களே வரும்? கொளம் வத்துனாத்தான் இது வத்தும். கொளத்தை எறைக்க யாரால முடியும்?"

"கரைக்கும் கெணத்துக்கும் நடுவுல அம்புட்டுப் பாறை கெடக்குது ரசாக்."

"பாறையில ஓட்டை இருக்காதுங்களா?"

ரசாக் வெகுளியாகத்தான் கேட்டான். மாசாணம் குழாயைப் பார்த்தான். அந்த நிமிஷம்தான் அவனுக்கு அது முழுசாக உறைத்தது. செவ்வந்தி மூழ்கிக் கிடந்த தண்ணீர் குழாய் வழியாகக் கரை ஏறிக் குளத்துக்குப் போகிறது. குளத்தின் சேற்றில் இறங்குகிறது. நாற்பத்திரண்டு ராடு தூரம் இருட்டுக்குள் நடந்து, அவன் குடைந்த ஓட்டை வழியாக மறுபடியும் கிணற்றுக்கு வருகிறது. அவன் காலையில் வெளியே தள்ளுகிறான். அவள் மதியம் வீடு திரும்புகிறாள்.

அன்று சாயங்காலம் சீனிவாசலுவின் களத்துக்குப் போனான். அவர் மஞ்சள் வேக வைக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்றா மாசாணம். புள்ள சாப்புட்டுச்சா? உங்கம்மா மோர் குடுத்து உட்டாளே."

'உங்கம்மா' என்று அவர் சொன்னது தன் மனைவி வெங்கடலட்சுமியை.

"குடிக்கலீங்க." அவன் துண்டைக் கையில் சுருட்டினான். "எசமாங்க, ஒரே ஒரு நாளைக்கு அந்த ஓட்டைய அடைச்சுப்போட்டமுன்னா பாறை தெரிஞ்சிருமுங்க. வெளக்கு வெச்சுட்டு மறுபடி எடுத்துரலாமுங்க."

சீனிவாசலு அவனைச் சாதாரணமாகப் பார்த்தார்.

"எந்த ஓட்டை?"

மாசாணம் கொப்பரைக்குக் கீழே எரியும் நெருப்பைப் பார்த்தான்.

"பாறை தெரியற அளவுக்குத் தண்ணி எறங்குனா ஊரே வந்து எட்டிப் பாக்கும். ஈஸ்வரமூர்த்தி மொத ஆளா வந்து நிப்பாரு. அவருக்குக் கெணறு வத்தி ரெண்டு வருஷமாச்சு. அவரு கண்ணுக்கு ஆப்பு தெரியாதா?" அவர் குரல் உயரவே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. கோர்ட்டு கேசுன்னு போவேன், வருவேன். சத்தியம் நான் பண்ணலயே. யாரு தலைமேல யாரு கை வெச்சதுன்னு ரோசன பண்ணிக்க."

கொப்பரையிலிருந்து ஆவி வந்தது. மாசாணம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

ஐந்தாவது நாள் மதியம் அவன் குழாய் இணைப்பில் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். கரண்டு போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தபோது கிணற்று மேட்டில் ப்ரியாவின் செருப்பு மட்டும் இருந்தது.

அவன் ஓடினான். எட்டிப் பார்த்தான். பிள்ளை ஒன்பதாம் படியில் நின்றிருந்தாள். சுவரோடு ஒட்டி, ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் மடித்த சேலை. செவ்வந்தியின் நீலச் சுங்குடிச் சேலை. தண்ணீர் பதின்மூன்றாம் படியை நனைத்துக்கொண்டிருந்தது.

கத்தினால் பயந்து விழுந்துவிடுவாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினான். எட்டாம் படியில் உட்கார்ந்து அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ப்ரியாக் கண்ணு."

"உஸ்ஸ்," என்றாள். "பன்னெண்டுக்கு வந்துட்டா. ஈரச் சேலையோட நிக்கறா பாவம். இதக் குடுத்துப்போட்டு வந்தர்றேன்."

அவள் முகத்தில் அழுகை இல்லை. பயமும் இல்லை. விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்கப் போகிறவளைப் போல இருந்தாள். மாசாணம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். பின்னால் தண்ணீர் கல்லைத் துடைத்துக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவனும் நம்பிவிடுவான் என்று தோன்றியது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு கருவேலங்கட்டையைச் செதுக்கி ஒரு முழ நீளத்தில் ஆப்பு செய்தான். நுனி இரண்டு விரல் கனம், அடி ஒரு கை கனம். அதில் சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டி விளக்கெண்ணெயில் ஊற வைத்தான். வாயைத் திறக்காமல் செய்துவிடலாம். சத்தியம் வாய்க்குத்தான். கைக்கு இல்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தண்ணீர் பத்தொன்பதாம் படிக்கு வந்து கரண்டு போனதும், பியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்கினான். ஓட்டை தண்ணீருக்குள் பதினைந்தடி ஆழத்தில் இருந்தது. ஆப்பையும் கடப்பாரைத் துண்டையும் இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்தான். கடப்பாரையின் கனமே அவனை உள்ளே இழுத்தது.

முதல் முழுக்கில் ஓட்டை கிடைக்கவில்லை. சுவரைத் தடவித் தடவி மூச்சு முட்டி மேலே வந்தான்.

இரண்டாவது முழுக்கில் கிடைத்தது. தேட வேண்டியிருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க, நடுவில் ஒரு சில்லிப்பு வந்து முகத்தில் விழுந்தது. கழுத்தைச் சுற்றியது. கண்ணைத் திறந்தான். பச்சை இருட்டு. ஓட்டையின் வாயில் வளர்ந்த பாசி நீள நீளமாக நீரோட்டத்தில் அலைந்து அவன் கன்னத்தைத் தடவியது. கையில் பிடித்தான். அதே வழுவழுப்பு. மாசாணம் தண்ணீருக்குள்ளேயே கத்தினான். காற்று முழுவதும் குமிழியாகப் போயிற்று. உதைத்து மேலே வரும்போது கணுக்காலில் ஏதோ பிடித்தது. அது மோட்டார்க் கயிறாகத்தான் இருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை.

படியைப் பிடித்துக்கொண்டு இரைத்தான். மேலே வட்டமான வெளிச்சத்தில் ஒரு சின்னத் தலை தெரிந்தது.

"அம்மாவத் தேடறயாப்பா?"

"நங்கையா!" என்று கத்தினான். "புள்ளையப் புடி! யாராச்சும் புள்ளையப் புடிங்க!"

பாப்பாயி வந்து பிள்ளையை இடுப்போடு அணைத்துக்கொண்டது தெரிந்த பிறகுதான் மூன்றாவது முறை முழுகினான். பாசியை ஒரே பிடியில் பிடுங்கி எறிந்தான். சில்லிப்புக்கு எதிராக ஆப்பை நுழைத்தான். அது உள்ளேயிருந்து தள்ளியது. தோளைக் கொடுத்து அழுத்தினான். கடப்பாரையால் இடித்தான். தண்ணீருக்குள் அடி விழவில்லை. சோம்பலாகப் போய்த் தட்டியது. இன்னும் இரண்டு முழுக்கு முழுகி இடித்தான். ஐந்தாவதில் சில்லிப்பு நின்றது. கிணறு முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்தது.

மேலே வந்து பத்தொன்பதாம் படியில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். உடைந்த மூலை காய்ந்து வெளுத்தது. தண்ணீர் ஏறவில்லை. சத்தம் இல்லை. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குள் தண்ணீர் பத்தொன்பதைத் தாண்டிய செய்தி பரவி ஊரே கிணற்று மேட்டில் நின்றது. முப்பதாம் படி வந்தது. முப்பத்திரண்டு வந்தது. பிறகு மேற்குச் சுவரில், சாக்கு நுனி நாக்கு மாதிரித் தொங்க, அந்த ஆப்பு வெளியே வந்தது. அதைச் சுற்றி நீர் முத்து முத்தாகக் கசிந்தது.

குளத்துப் பாசனக்காரர்களில் முக்கியமானவரான ஈஸ்வரமூர்த்தி கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங் நாயுடு, அதென்னங்க அது?"

"பழைய ஊத்துக்கண்ணுங்க," என்றார் சீனிவாசலு.

"உருண்டையாவா ஊத்துக்கண்ணு வரும்? அதுக்கு ஆப்பு வேற அடிச்சிருக்குது. மேக்க பாத்துல்லங்க இருக்குது?"

சீனிவாசலு மாசாணத்தைப் பார்த்தார். எல்லோரும் மாசாணத்தைப் பார்த்தார்கள். அவன் குனிந்து மோட்டார்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"சைடு போர் போடறப்போ நீயும் இருந்தயாமா. சொல்லு," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நான் கூலிக்காரனுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு மோட்டார் காற்றை உறிஞ்சிக் கொர்ரென்றது. அடிப்பாறை தெரிந்தது. பாப்பாயி குலவையிட்டாள். யாரும் சேர்ந்து போடவில்லை. எல்லோரும் ஆப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாசாணம் முன்னால் இறங்க, ப்ரியா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் அகல், தீப்பெட்டி. முப்பத்து நான்காம் படியில் நின்றாள். ஆப்பைத் தொட்டாள். விரலை ஈரமாக்கிக்கொண்டு முகர்ந்து பார்த்தாள்.

பாறையின் பள்ளத்தில் முழங்கால் அளவு சேறு. இரண்டு ஓட்டைக் குடம், ஒரு அரிவாள், செவ்வந்தியின் ரப்பர் செருப்பில் ஒன்று. வேறு யாரும் அங்கே இல்லை. ப்ரியா நான்கு பக்கமும் மெதுவாகப் பார்த்தாள். மேலே வட்டத்தின் விளிம்பில் தலைகள் வரிசையாக இருந்தன.

"அம்மா இங்க இல்லியாப்பா?"

"இல்ல கண்ணு."

"அப்போ படி ஏறி வந்தது?"

"தண்ணிதான்."

"ஊத்துத் தண்ணின்னயே. இப்ப ஏன் ஊறல?"

"ஊத்து இல்ல. கொளத்துத் தண்ணி."

"கொளத்துத் தண்ணி இங்க எப்படி வரும்?"

"அந்த ஓட்டை வழியா."

"முன்ன இந்தக் கெணத்துல தண்ணியே இல்லேன்னு அம்மா சொல்லுவா. அடிப்பாறை வரைக்கும் போய்த்தான் மொகம் கழுவுவோம்னு." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஓட்டைய யாருப்பா போட்டது?"

கிணற்றுக்குள் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் மேலே தெளிவாகக் கேட்கும். மாசாணத்துக்கு அது நன்றாகத் தெரியும். முப்பது வருடம் கிணற்றுக்குள்ளிருந்தே பேசியவன். தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். ஆனால் இவள் நம்ப மாட்டாள். நாளைக்கு மறுபடியும் சேலையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். தண்ணீருக்கு ஒரு காரணம் கிடைக்கும் வரைக்கும் அம்மாவைத்தான் காரணமாக வைத்துக்கொள்வாள்.

"நாந்தான் கண்ணு போட்டேன்," என்றான். "நானும் சேலத்துக்காரங்க ரெண்டு பேரும். கரைக்கு அடியில பூந்து கொளத்துக்குள்ள போயிட்டோம். அந்தத் தண்ணிதான். உங்கம்மா எதையும் புடிச்சு வெக்கல. அவ செத்துப்போயிட்டா. நான் கொண்டாந்த தண்ணியிலதான் செத்துப்போனா."

மேலே யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ப்ரியா அழ ஆரம்பித்தாள். பதின்மூன்று நாளில் முதல் தடவையாக, மூக்கு ஒழுக, வாய் கோணி, எல்லாப் பிள்ளைகளையும் போல அழுதாள். தீக்குச்சி மூன்று நமத்துப்போயின. நான்காவது பற்றியது. விளக்கை வைத்தாள். அம்மாவின் செருப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே வந்தபோது சண்டை தொடங்கியிருந்தது. ஈஸ்வரமூர்த்தி கத்திக்கொண்டிருந்தார். அதிகாரிகளைக் கூட்டி வரப்போவதாகச் சொன்னார்கள். மாசாணம் கடந்து போகும்போது சீனிவாசலு ப்ரியாவைப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்படுகிற குரலில் சொன்னார்:

"புள்ளையப் பத்தரமாப் பாத்துக்கடா."

ஆட்கள் வந்து ஓட்டையை சிமெண்டால் அடைத்தார்கள். மாசாணத்துக்கு அந்தத் தோட்டத்தில் வேலை போயிற்று. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பவுண்டரியில் மண் குழைக்கப் போனான். ப்ரியா தண்ணீர் குடித்தாள், சோறு தின்றாள், பள்ளிக்கூடம் போனாள். கிணற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. பங்குனியில் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல்தான். அந்த இரண்டு நாளும் மாசாணம் வேலைக்குப் போகாமல் அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் ரோட்டுக்கு ஓடினான். அவள் படியில் இறங்கினால், எந்தப் படியானாலும், அவன் பின்னால் போய் நின்றான்.

அந்த வருடம் குளம் வைகாசி வரைக்கும் வற்றவில்லை. காலனி அடிபம்பு நான்கு தடவை அடித்ததுமே தண்ணீர் கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரியா வந்து நின்றாள்.

"எனக்கு நீச்சல் கத்துக்குடுப்பா."

காலனியில் பெண்களுக்கு நீச்சல் தெரியாது. எந்தக் கிணற்றில் யார் இறங்க விட்டார்கள், பழகுவதற்கு? மாசாணம் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவள் கேட்கவில்லை.

குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவளைக் குப்புறக் கிடத்தி, வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினான். அவள் கையைக் காலை அடித்தாள். தண்ணீர் முகத்தில் தெறித்தது. நல்ல வெயில்.

"கைய எடுப்பா. நான் போறேன்."

"சித்தெ இரு."

"எடுத்தாத்தானே வரும்! எடுத்துட்டயா?"

"எடுத்துட்டேன் கண்ணு," என்றான் மாசாணம், எடுக்காமல்.